மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதங்கள்: எங்கே உருவாகின்றன, எதனால் பிடித்துநிற்கின்றன

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ 2012க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு மலேரியா என்றால் உயிரியல் புத்தகத்தில் வரும் ஒரு வட்டப்படம். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி இலங்கையில் பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று சான்றளித்தது. படுவான்கரையில் வேளாண்மை செய்தவர்களுக்கும் கல்லோயாத் திட்டத்தில் குடியேறியவர்களுக்கும் அது உடம்பில் அறிந்த குளிர்காய்ச்சல். இந்த இரண்டு தலைமுறைக்கும் பொதுவாக ஒன்று உண்டு: ஒட்டுண்ணி எப்படி இருக்கும் என்று கேட்டால் இருவருக்கும் ஒரு புள்ளிக்கு மேல் தெரியாது. அந்தப் புள்ளியின் மேற்பரப்பைப் பற்றியது இக்கட்டுரை. உயர்தர உயிரியல் அளவுக்குக் கலத்தின் பாகங்கள் தெரிந்திருந்தால் போதும்.

மேற்பரப்பை ஏன் தனியாக எடுக்கவேண்டும்? மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி இனங்களில் ஒன்றான பிளாஸ்மோடியம் பல்சிபாரத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவை ஆக்கும் புரதங்களில் பெரும்பாலானவை ஒட்டுண்ணியின் உள்ளேயே இருப்பவை. நம் இரத்தத்தில் ஓடும் பிறபொருளெதிரி உள்ளே நுழையாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டுமே பிடிக்கும். செங்குழியத்தை உடைத்துக்கொண்டு வெளிவரும் மெரோசொயிட்டு அடுத்த செங்குழியத்துக்குள் புகுவதற்கு ஓரிரு நிமிடங்களே எடுக்கிறது. அந்தக் குறுகிய இடைவெளியில் அது குருதியில் திறந்தபடி நிற்கிறது. தடுப்பூசி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்த மேற்பரப்பையே சுற்றிவருவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு புரதம் எந்தப் பக்கம் போகவேண்டும், அங்கே எதனால் பிடித்துக்கொள்ளப்படவேண்டும் என்ற அறிவுறுத்தல் பெரும்பாலும் அந்தப் புரதத்தின் இரண்டு நுனிகளில்தான் இருக்கிறது. முன்நுனியில் ஒரு சீட்டு, பின்நுனியில் ஒரு சீட்டு. வேலை முடிந்ததும் இரண்டும் வெட்டி எறியப்படும். முதிர்ந்த புரதத்தை மட்டும் பார்ப்பவருக்கு அவை இருந்த தடயமே தெரியாது. மரபணுவைப் படித்தால்தான் தெரியும்.

முன்நுனி

இறைபோசோம் புரதத்தை அமைன் முனையிலிருந்து ஆக்கத் தொடங்கும். முதலில் வெளிவரும் சுமார் 20 அமினோ அமிலங்கள் பெரும்பாலும் நீரை வெறுப்பவையாக இருந்தால், அந்த இறைபோசோம் அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வுக்கு இழுத்துச்செல்லப்படும். அங்குள்ள துளை வழியாக, ஆக்கப்பட ஆக்கப்படப் புரதம் சிறுவலையின் உட்குழிக்குள் நூலாக நுழையும். முன்நுனிச் சீட்டை ஒரு நொதியம் அப்போதே வெட்டிவிடும்.

தொடங்குபவர்கள் அதிகம் குழம்பும் இடம் அடுத்தது. சிறுவலையின் உட்குழி கலத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. பிறகு அதிலிருக்கும் புரதம் எப்படி வெளிப்புறத்தில் போய் நிற்கிறது? ஒரு தாளில் வரைந்து பார்த்தால் உடனே பிடிபடும். சிறுவலையிலிருந்து ஒரு சிறு புடகம் கழன்று வருகிறது. புரதம் அந்தப் புடகத்தின் உட்பக்கச் சுவரில் இருக்கிறது. புடகம் கலமென்சவ்வோடு ஒட்டித் திறக்கும்போது அதன் உட்பக்கம் வெளியே திரும்பிவிடும். ஆகவே உட்குழியை நோக்கி நின்றது எதுவோ, அதுவே கடைசியில் குருதியை நோக்கி நிற்கும். இந்த ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் சுலபம்.

பின்நுனி

ஸ்போரோசொயிட்டு என்பது நுளம்பின் உமிழ்நீரோடு நம் தோலுக்குள் இறங்கும் வடிவம். அதன் மேற்பரப்பை மூடிக்கிடக்கும் புரதத்தின் பெயர் சி.எஸ்.பி. ஆய்வுகூடங்களில் பொதுவாகப் பயன்படும் பல்சிபாரக் குலவகையில் அதன் நீளம் 397 அமினோ அமிலங்கள். அதன் வால்பகுதியைக் கிட்டத்தில் பார்ப்போம். கடைசிப் பதின்மூன்று இவை: ஐசோலியூசின், கிளைசின், லியூசின், ஐசோலியூசின், மெதியோனின், வலின், லியூசின், செரின், பினைலலனின், லியூசின், பினைலலனின், லியூசின், அஸ்பரஜின். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே நீரை வெறுப்பவை. ஏற்றமுள்ள அமினோ அமிலம் ஒன்றுகூட இல்லை. இந்த எண்ணெய்த்தன்மையான வால் சிறுவலையின் மென்சவ்வுக்குள் புதைந்து, முழுப் புரதத்தையும் தற்காலிகமாக அங்கே பிடித்துவைக்கிறது.

வாலுக்குச் சற்று முன்னால் வெட்டுமிடம் இருக்கிறது. சி.எஸ்.பி.யில் அது 374ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்று கணிக்கப்படுகிறது. பொதுவாக இந்த இடத்தில் கிளைசின், அலனின், செரின், அஸ்பரஜின் போன்ற சிறிய அமினோ அமிலங்களே காணப்படும். அதற்குப் பின்னுள்ள 23 அமினோ அமிலங்களும் வெட்டப்பட்டு, அந்த இடத்தில் வேறொரு மூலக்கூறு பொருத்தப்படும். அதுதான் கிளைக்கோசில்பொசுபாற்றிடைல் இனோசிற்றோல். நாக்குச் சுளுக்காமல் இருக்க ஜி.பி.ஐ. என்றே சொல்வோம்.

ஜி.பி.ஐ. புரதம் அல்ல. கொழுப்பும் வெல்லமும் சேர்ந்த ஒரு தொடர். அது புரதத்துக்குப் பக்கத்திலேயே, அதே சிறுவலை மென்சவ்வில், தனியாகக் கட்டப்படுகிறது. அடித்தளம் பொசுபாற்றிடைல் இனோசிற்றோல் என்ற சாதாரண மென்சவ்வுக் கொழுப்பு. அதன்மேல் அசற்றைல் குளுக்கோசமைன் ஒன்று ஏறுகிறது. அடுத்த நொதியம் அந்த அசற்றைல் கூட்டத்தைக் கழற்றிவிடுகிறது. இந்த இரண்டு வேலையும் மென்சவ்வின் குழியவுருப் பக்கத்தில் நடக்கின்றன. பிறகு மூலக்கூறு முழுவதும் மறுபக்கம், உட்குழியை நோக்கிப் புரட்டப்படும். அங்கே இனோசிற்றோல் வளையத்தில் இன்னொரு கொழுப்பமிலம் சேர்கிறது. அதன்பின் மானோசு வெல்லங்கள் ஒவ்வொன்றாக ஏறும். மூன்று ஏறி, மூன்றாவதன்மீது பக்கக்கிளையாக நான்காவதும் ஏறும். கடைசியில் அதே மூன்றாவது மானோசுமீது எதனோலமைன் பொசுபேற்று. அந்த எதனோலமைனின் நுனியிலுள்ள அமைன் கூட்டம்தான் புரதத்தைப் பிடிக்கப்போகும் கை.

மானோசு தானாக வந்து ஏறுவதில்லை. டொலிகோல் என்ற நீண்ட கொழுப்புத்தான் அதைச் சுமந்துவருகிறது. டொலிகோலுக்கான மூலப்பொருளை ஆக்குவது ஒட்டுண்ணியின் அப்பிகோபிளாஸ்ட். பாசியிலிருந்து பரம்பரையாக வந்த, பச்சையம் இழந்த ஒரு புன்னங்கம். பயணம் போகிறவர்கள் மலேரியாவைத் தடுக்கக் குடிக்கும் டொக்சிசைக்கிளின் தாக்குவதும் இந்தப் புன்னங்கத்தைத்தான். மேற்பரப்பைப் படிக்கப்போனால் கலத்தின் எந்த மூலைக்கெல்லாம் போகவேண்டியிருக்கிறது பாருங்கள்.

இப்போது இணைப்பு. டிரான்சமிடேசு என்ற பல துணையலகுகள் கொண்ட நொதியம் புரதத்தின் வெட்டுமிடத்தைப் பற்றுகிறது. வாலை வெட்டும் அதே செயலில் எதனோலமைனின் அமைனை அந்த வெட்டுவாயில் சேர்த்துவிடுகிறது. ஒரு அமைட்டுப் பிணைப்பு போய் இன்னொரு அமைட்டுப் பிணைப்பு வருவதால் இதற்குத் தனியாக ஏ.ரி.பி. செலவில்லை. இனிப் புரதத்தை மென்சவ்வில் பிடித்துநிற்பது அந்த ஜி.பி.ஐ.யின் கொழுப்பமிலச் சங்கிலிகள் மட்டுமே. அவை மென்சவ்வின் இரண்டு படைகளில் வெளிப்படைக்குள் மட்டும் இறங்கியிருக்கும், உட்படையைத் தொடுவதில்லை. வாவியில் விரித்த வலையை மிதவை தாங்குவதுபோல, ஒரே இடத்தில் இறுகிக் கிடக்காமல் மென்சவ்வின் பரப்பில் நகர்ந்துகொண்டே அவை புரதத்தைத் தாங்குகின்றன.

எங்கே பிழை நேரலாம்?

வால்பகுதியை மரபணுவிலேயே நீக்கிவிட்டால் புரதம் சிறுவலையில் தங்காமல் கரைசலாக வெளியே கொட்டிவிடும். மேற்பரப்பில் எதுவும் நிற்காது. வால் இருந்து, வெட்டுமிடத்தில் சிறிய அமினோ அமிலத்துக்குப் பதிலாகப் பருமனான ஒன்று வந்தால், டிரான்சமிடேசு அதைப் பற்றாது. புரதம் சிறுவலையிலேயே தேங்கிச் சிதைக்கப்படும். புரதத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஜி.பி.ஐ. போதாமல் போனாலும் முடிவு ஏறத்தாழ இதுதான். மனோசமைன் என்ற, மானோசை ஒத்த வெல்லத்தைக் கொடுத்து ஜி.பி.ஐ. ஆக்கத்தைக் குழப்பினால் வளர்ப்பிலுள்ள ஒட்டுண்ணியின் வளர்ச்சி நின்றுவிடுவது ஆய்வுகூடத்தில் காணப்பட்டது. நமது கலங்களும் ஜி.பி.ஐ. ஆக்குகின்றன என்பதால், இதையே மருந்தாக்குவது அவ்வளவு சுலபமில்லை. இரண்டு தரப்பு நொதியங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப்பிடிக்கவேண்டும்.

ஒட்டுண்ணி தன் புரதங்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஜி.பி.ஐ.யை ஆக்குகிறது. எதிலும் பொருந்தாத அந்த மிச்சம் மென்சவ்வில் வெறுமனே கிடக்கும். செங்குழியம் உடையும்போது அது குருதியில் சிந்துகிறது. நமது பெருவிழுங்கிகள் அதை ரி.எல்.ஆர்.2 முதலிய வாங்கிகளால் உணர்ந்து ரி.என்.எப். போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரக்கும். உடல் உதறும் அந்தக் காய்ச்சலுக்கு ஒரு முக்கிய காரணம் இதுதான். சுழற்சி 48 மணித்தியாலம் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வரும் என்று புத்தகம் சொல்லும். ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முதிர்ந்தால்தான் அந்த ஒழுங்கு தெரியும். பல்சிபாரத் தொற்றில் அது பல தடவை தெரியாது. ஆகவே காய்ச்சலின் ஒழுங்கை வைத்து மலேரியா இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது.

மேலங்கியைக் கழற்றிவிட்டு நுழைதல்

மெரோசொயிட்டின் மேற்பரப்பில் முக்கியமான புரதம் எம்.எஸ்.பி.1. ஏறத்தாழ 195 கிலோடால்ரன் எடை. அது ஜி.பி.ஐ.யால் பொருத்தப்பட்டு மேற்பரப்புக்கு வருவதோடு வேலை முடிவதில்லை. அதன்பிறகு இரண்டு தடவை வெட்டுப்படுகிறது. மெரோசொயிட்டுகள் இன்னும் பழைய செங்குழியத்துக்குள் இருக்கும்போது, வெளியேறுவதற்குச் சற்று முன், சப்1 என்ற நொதியம் அதை நான்காக வெட்டும். துண்டுகள் 83, 30, 38, 42 கிலோடால்ரன். வெட்டுப்பட்டாலும் அவை பிரிந்து ஓடுவதில்லை, ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நிற்கும். ஜி.பி.ஐ. இருப்பது 42இல் மட்டும்தான். மற்ற மூன்றும் அதன் தயவில் நிற்கின்றன. எம்.எஸ்.பி.6, எம்.எஸ்.பி.7 என்பவையும் சொந்தப் பிடிப்பு இல்லாமல் இந்தக் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டவைதான்.

இரண்டாவது வெட்டு புதிய செங்குழியத்துக்குள் நுழையும்போது. சப்2 என்ற நொதியம் 42ஐ 33 ஆகவும் 19 ஆகவும் பிரிக்கும். 33உம் அதோடு ஒட்டியிருந்த முழுக் கூட்டமும் வெளியே உதிரும். ஜி.பி.ஐ.யில் தொங்கும் 19 மட்டும் ஒட்டுண்ணியோடு உள்ளே போகும். ஒட்டிக்கொண்டிருந்த பிறபொருளெதிரிகளில் பெரும்பகுதியும் இந்த உதிர்வோடு வெளியே போய்விடும். கெட்டித்தனம்தான்.

42ஐ அப்படியே தடுப்பூசியாக்கி மேற்குக் கென்யாவில் சிறுபிள்ளைகளிடம் சோதித்தார்கள். பிறபொருளெதிரி நன்றாக உருவானது, பாதுகாப்புக் கிடைக்கவில்லை. புரதத்தைப் பிடிப்பதும், அதன் வேலையைத் தடுப்பதும் வேறுவேறு என்பதை அந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது.

எல்லா மேற்பரப்புப் புரதமும் ஜி.பி.ஐ.யில் நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஏ.எம்.ஏ.1 மென்சவ்வை ஊடுருவும் தன் சொந்த வாலால் நிற்கிறது. அது முதலில் முன்முனையிலுள்ள நுண்பைகளில் சேமிக்கப்பட்டு, தேவையான கணத்தில்தான் மேற்பரப்புக்கு வரும். ஒட்டுண்ணியின் பாலணுக் கலங்களில் பி.230 என்ற புரதத்துக்குச் சொந்தப் பிடிப்பே இல்லை. ஜி.பி.ஐ. உள்ள பி.48/45ஐப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதை நீக்கினால் முதலாவதும் மேற்பரப்பில் இராது.

இன்னொரு மேற்பரப்பு

இதுவரை சொன்னது ஒட்டுண்ணியின் சொந்தத் தோல். செங்குழியத்துக்குள் குடியேறிய ஒட்டுண்ணிக்கு இன்னொரு மேற்பரப்பும் வேண்டியிருக்கிறது: அது குடியிருக்கும் செங்குழியத்தின் வெளிப்புறம். முதிர்ந்த செங்குழியத்தில் கரு இல்லை, சிறுவலை இல்லை, இறைபோசோம் இல்லை. புரதத்தை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை. வழி, வாசல், வாகனம் எல்லாவற்றையும் ஒட்டுண்ணியே போட்டாகவேண்டும்.

அது போட்ட வழி இப்படி. ஏற்றுமதியாகவேண்டிய பெரும்பாலான புரதங்களில் முன்நுனிச் சீட்டுக்குச் சற்றுப் பின்னால் பெக்செல் என்ற ஐந்தெழுத்து அடையாளம் இருக்கும். முதலாவது ஆர்ஜினின், மூன்றாவது லியூசின், ஐந்தாவது பெரும்பாலும் குளுற்றமிக்கமிலமோ குளுற்றமீனோ அஸ்பார்ற்றிக்கமிலமோ. இரண்டாவதும் நான்காவதும் எதுவாகவும் இருக்கலாம். சிறுவலைக்குள் பிளாஸ்மெப்சின் 5 என்ற நொதியம் அந்த லியூசினுக்கு அடுத்து வெட்டும். வெட்டுப்பட்ட புரதம் புடகத்தில் ஏறி ஒட்டுண்ணியின் மென்சவ்வைத் தாண்டும். அங்கே இன்னொரு சுவர் நிற்கிறது: ஒட்டுண்ணியைச் சுற்றியுள்ள புன்வெற்றிடத்தின் மென்சவ்வு. அதிலுள்ள வாசலுக்குப் பெயர் பிடெக்ஸ். எச்.எஸ்.பி.101 என்ற பகுதி புரதத்தின் மடிப்புகளைப் பிரித்து நூலாக்கி, துளைக்குள் தள்ளும். மறுபக்கம் போனபின் அது மீண்டும் மடிந்துகொள்ளும். மடிப்புப் பிரியாதபடி இறுக்கிவைத்த புரதம் வாசலிலேயே சிக்கிக்கொள்வதைச் சோதனையில் காட்டியிருக்கிறார்கள்.

இந்த வழியில் போவனவற்றில் பேர்போனது பி.எப்.இ.எம்.பி.1. பெக்செல் அடையாளம் முறைப்படி இல்லாமலே ஏற்றுமதியாகும் விதிவிலக்கு அது. ஜி.பி.ஐ.யும் அதற்கு இல்லை. செங்குழிய மென்சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதன் உள்வால், கார்ப் என்ற புரதம் செங்குழியத்தின் உட்பக்கத்தில் எழுப்பும் குமிழ்களோடு பிணைந்திருக்கும். கார்ப் இல்லாத ஒட்டுண்ணியில் குமிழ்கள் எழும்பா. குருதி ஓட்டத்தின் விசையில் பிடிப்புத் தளர்ந்துவிடும்.

அந்தப் பிடிப்பு எதற்கு? தொற்றுள்ள செங்குழியம் விறைப்பானது. மண்ணீரலுக்குப் போனால் வடிகட்டப்பட்டுவிடும். அதைத் தவிர்க்கச் சிறுகுருதிக்கலன் சுவரிலே பி.எப்.இ.எம்.பி.1ஆல் ஒட்டிக்கொள்கிறது. மூளையின் கலன்களில் இது நடந்தால் மூளை மலேரியா, சூல்வித்தகத்தில் நடந்தால் கர்ப்பகால மலேரியா. இந்தப் புரதத்துக்குச் சுமார் 60 மரபணுக்கள் இருந்தும் ஒரு ஒட்டுண்ணி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இயக்கும். நம் உடல் அதற்குப் பிறபொருளெதிரியை ஆக்கி முடிக்கும்போது வேறொன்றை இயக்கும் ஒட்டுண்ணிகள் பெருகிவிட்டிருக்கும்.

இதே ஏற்றுமதி வழியால் செங்குழியத்துக்குள்ளும் குருதிக்குள்ளும் போய்ச்சேரும் இன்னொரு புரதம் எச்.ஆர்.பி.2. துரிதப் பரிசோதனை அட்டைகள் பலவற்றில் பல்சிபாரத்துக்கான கோடு தேடுவது இதைத்தான். நமது பகுதியில் காய்ச்சல் என்றதும் டெங்குவும் எலிக்காய்ச்சலும்தான் முதலில் நினைவுக்கு வரும், அது சரியும்கூட. ஆபிரிக்க நாட்டில் வேலைசெய்துவிட்டு வந்தவர், இந்தியாவுக்கு யாத்திரை போய்வந்தவர் என்றால் அதை மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்லவேண்டும், மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லவேண்டும். அட்டையைப் படிப்பவர் மூன்று விடயங்களை மறக்கக்கூடாது. எச்.ஆர்.பி.2 குணமான பின்னும் வாரக்கணக்கில் குருதியில் தங்கும். ஆகவே கோடு விழுந்தால் அது பழைய தொற்றாகவும் இருக்கலாம். சில நாடுகளில் அந்த மரபணுவையே இழந்த ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன. அவற்றில் தொற்று இருந்தும் கோடு விழாது. ஒட்டுண்ணி எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் அப்படியே. அதனால்தான் அட்டையோடு நிறுத்தாமல், கியம்சாச் சாயமிட்ட தடித்த படலமும் மெல்லிய படலமும் நுணுக்குக்காட்டியில் பார்க்கப்படுகின்றன. தடித்தது ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேட, மெல்லியது எந்த இனம் என்று அறிய.

ஆய்வுகூடத்தில் ஆக்கும்போது

மேற்பரப்புப் புரதத்தைத் தடுப்பூசிக்காகத் தனியே ஆக்கப்போகிறவர் முதலில் மோதுவது மரபணுவின் எழுத்தோடு. பல்சிபாரத்தின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 80 வீதம் அடெனினும் தைமினும். ஈ.கோலை பற்றீரியா அரிதாகப் பயன்படுத்தும் குறிகள், அதாவது ஓர் அமினோ அமிலத்தைச் சுட்டும் மூன்றெழுத்துத் தொகுதிகள், அதில் நிறைய. புரத ஆக்கம் பாதியில் தடுமாறும். புரதத்தை மாற்றாமல் குறிகளை மட்டும் மாற்றி மரபணுவைப் புதிதாக எழுதி இதைத் தீர்க்கலாம்.

அடுத்தது மடிப்பு. எம்.எஸ்.பி.1இன் 19 துண்டில் 12 சிஸ்டீன்கள் உள்ளன. அவை சோடிசோடியாக ஆறு இருசல்பைட்டுப் பிணைப்புகளைக் கட்டினால்தான் சரியான வடிவம் வரும். பற்றீரியாவின் குழியவுரு அந்தப் பிணைப்பு உண்டாக இடங்கொடுக்காது. வடிவம் பிழைத்த புரதத்துக்கு எதிராக உருவாகும் பிறபொருளெதிரி உண்மையான ஒட்டுண்ணியை அடையாளம் காணாது. சரி, மதுவத்தில் ஆக்குவோம் என்றால் அங்கே வேறு தொல்லை. மதுவம் புரதத்தின் அஸ்பரஜின்களில் நீளமான வெல்லத்தொடர்களை ஏற்றிவிடும். பிளாஸ்மோடியம் அப்படி ஏற்றுவதில்லை. அது வைப்பது மிகக் குட்டையான ஒன்றிரண்டு வெல்லங்களே. மதுவம் ஏற்றிய வெல்லம் பிறபொருளெதிரி பிடிக்கவேண்டிய இடத்தையே மூடிவிடக்கூடும். அதனால் அந்த அஸ்பரஜின்களையும் அவற்றுக்கு அடுத்தடுத்துள்ள செரின், திரியோனின்களையும் முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள்.

பிடிப்புக்கு என்ன செய்வது? கரைசலில் தனித்தனியே மிதக்கும் புரதம் நோயெதிர்ப்புக் கலங்களை அவ்வளவாகத் தூண்டாது; மேற்பரப்பில் அடுக்காக நெருங்கி நிற்பதையே அவை கவனிக்கின்றன. 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்.ரி.எஸ்.எஸ். தடுப்பூசியிலும், 2023 ஒக்டோபரில் பரிந்துரைத்த ஆர்21இலும் சி.எஸ்.பி.யின் நடுப்பகுதித் தொடரும் பின்பகுதியும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. அந்த வைரசுப் புரதம் தானாகவே கொழுப்போடு சேர்ந்து சிறு உருண்டைகளாகும். அஸ்பரஜின், அலனின், அஸ்பரஜின், புரோலின் என்று திரும்பத் திரும்ப வரும் சி.எஸ்.பி.த் தொடர் அந்த உருண்டையின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆர்.ரி.எஸ்.எஸ்.இல் அத்தொடர் 19 தடவை வருகிறது. அதில் வைரசுப் புரதம் தனியாகவும் கணிசமான அளவு கலந்திருக்கும். ஆர்21இல் அப்படிக் கலப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் சி.எஸ்.பி.யைச் சுமந்தது என்பதால் அதே உருண்டையில் தொடர்கள் அதிக நெருக்கமாக நிற்கின்றன.